சிவப்புக் கயிறும் பதினொன்றாம் பக்கமும்

மூன்று வருடத்துக்கு முன்பு கும்பகோணத்து வீட்டை விற்றுவிட்டு நானும் அவரும் கோவைக்குக் குடிவந்தோம். என் நாத்தனார் போனில் கேட்ட முதல் கேள்வி: "ஏன் அண்ணி, பிள்ளை முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுட்டானா?"

பிள்ளை விடவில்லை. வடவள்ளியைத் தாண்டி, மருதமலை தெரிகிற இந்த முதியோர் குடியிருப்பில் வீடு பார்த்துப் பேரம் பேசி வாங்கியது நான்தான். முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் கணக்கு நடத்தியவள், கூட்டிக் கழித்துப் பார்க்காமல் எதிலும் காலை வைத்ததில்லை. ஆனால் ஓர் இடத்தில் கணக்குத் தப்பிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, மணி இரண்டு இருக்கும், அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இங்கே எல்லாக் குளியலறையிலும் சுவரோரம் ஒரு சிவப்புக் கயிறு தொங்கும். நுனி ஏறக்குறைய தரையைத் தொடும். விழுந்து கிடப்பவர் கைக்கு எட்ட வேண்டுமே! அவர் கிடந்தபடியே இழுத்திருக்கிறார். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு எழுந்து வருவதற்குள் வாசல் மணி அடித்தது. நர்ஸ், செக்யூரிட்டி, சக்கர நாற்காலி. இடுப்பெலும்பில் விரிசல். விடிவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

இதே சம்பவம் எங்கள் பழைய தெருவில் நடந்திருந்தால்? அந்த நேரத்தில் என் குரலுக்குக் கதவு திறக்க இரண்டு வீடுகள்தான் இருந்தன. இரண்டிலும் எழுபதைத் தாண்டியவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் 10.4 சதவீதம். 2021-க்கு மதிப்பிட்டது 13.6. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பிள்ளைகள் எல்லாம் பெங்களூரு, டல்லாஸ் என்று போய்விட்ட எங்கள் தெருவில் கணக்கெடுத்திருந்தால் பாதிக்குக் குறையாது.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ரத்தக் கொதிப்புக்காரர்களுக்காக உப்பு கம்மி, பல் இல்லாதவர்களுக்காகக் காய் குழைவு. காபி விஷயத்தில் கும்பகோணத்துக்காரி வாயைத் திறக்காமல் இருப்பதே மரியாதை. அறையிலேயே ஃபில்டர் வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பெரிய குறை குழந்தைச் சத்தம் இல்லாததுதான். செக்யூரிட்டியின் மகள் பத்தாம் வகுப்பு. சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொள்ள வருவாள். வெளியாட்கள் வரலாமா என்று கமிட்டியில் ஒரு மணி நேரம் விவாதித்து, ஆறரை மணிக்குள் கிளம்பிவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்!

பணக் கணக்குக்கு வருகிறேன். வந்தபோது பராமரிப்புக் கட்டணம் மாதம் 9,500 ரூபாய், இப்போது 12,000. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 14,160. சாப்பாடு தனி. அறக்கட்டளை நடத்தும் முதியோர் இல்லத்தில் தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை இந்த வரி கிடையாது. நாங்கள் சொந்த வீட்டில் இருக்கும் கிழவர்கள் ஆயிற்றே, கட்ட வேண்டும்.

இருவரில் ஒருவர் போய்விட்டால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். பராமரிப்புக் கட்டணம் வீட்டுக்கு, ஆளுக்கு அல்ல, அது குறையாது. அவர் தனியார் கம்பெனியில் இருந்தவர், பென்ஷன் இல்லை. என் பென்ஷன் கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதம். நான் முந்திக்கொண்டால் அவருக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம்தான். இந்தக் கணக்கை அவரிடம் போட்டுக் காட்டினேன். "அப்போ நீ இருந்துதான் ஆகணும்" என்றார்.

இதெல்லாம் முன்பே தெரிந்துதான் வந்தேன். கணக்குத் தப்பியது கோடி வீட்டு ஐயா விஷயத்தில்.

வங்கியில் மேனேஜராக இருந்தவர், மனைவியை இழந்தவர். ஒரு நாள் அதிகாலையில் எங்கள் கதவைத் தட்டி, "சோழன் எக்ஸ்பிரஸ் போயிடுச்சாம்மா?" என்று கேட்டார். பையில் இரண்டு வேட்டியும் பல் துலக்கும் பிரஷ்ஷும். அப்புறம் அடிக்கடி வந்தார். மூன்றாம் மாதம், ஒரு மாதத்துக்குள் வேறு ஏற்பாடு செய்துகொள்ளும்படி நிர்வாகம் அவர் மகளுக்குக் கடிதம் அனுப்பியது. அவர் கிளம்பிய அன்று ராத்திரிதான் எங்கள் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது: குடியிருப்பவர் தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள முடியாமல் போனால் மாற்று ஏற்பாடு அவர் பொறுப்பு. முடியவில்லை என்று முடிவு செய்வது யார்? அதற்கு ஒரு வரியும் இல்லை. கையெழுத்துப் போட்ட அன்று நான் நீச்சல்குளத்தின் ஆழத்தை விசாரித்தேன். இதை விசாரிக்கவில்லை.

மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வழுக்காத தரை முதல் கட்டுநர், பராமரிப்பு நிறுவனம், வாங்குபவர் மூவரும் சேர்ந்து போடும் ஒப்பந்தம் வரை அதில் உண்டு. ஆனால் அது மாதிரிதான். தானாகச் சட்டம் ஆகிவிடாது. வழுக்காத தரையைப் பார்த்தவுடன் தெரிந்துகொள்ளலாம். படுக்கையில் விழுந்தவரை யார் பார்ப்பார்கள் என்பது காகிதத்தில் இருந்தால்தான் உண்டு.

இத்தனைக்கும் பிறகு கும்பகோணத்துக்குத் திரும்புவாயா என்றால், மாட்டேன். அந்தக் கயிற்றை விட்டுப் போக எனக்குத் தைரியமில்லை. நாத்தனாரும் இப்போது இங்கே காலி வீடு இருக்கிறதா என்று கேட்கிறாள். வரும் எண்ணம் இருந்தால் நடமாட்டம் இருக்கும்போதே வாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துப்போய் முழுக்கப் படியுங்கள். பத்திரப் பதிவன்று தருகிறோம் என்றால், வந்த ஆட்டோவிலேயே திரும்பிவிடுங்கள்.