டைனோசர் வேஷம்: உள்ளே இருப்பது மனுஷன்!

வீட்டிலேயே தத்ரூபமாக டைனோசர் வேஷம் கட்ட ஆசைப்படுகிறவர்கள் முதலில் பல்லைச் செதுக்குகிறார்கள்; நகத்துக்குச் சாயம் அடிக்கிறார்கள். உள்ளே ஒரு மனுஷன் நிற்கணுமே, அந்த நினைப்பு கடைசியில்தான் வருகிறது!

ஜப்பானில் 1954-ல் 'காட்சில்லா' படம் எடுத்தார்கள். அந்த ராட்சத மிருகத்துக்குள் புகுந்தவர் ஹருவோ நகாஜிமா. முதலில் செய்த உடுப்பு சுமார் 100 கிலோ! சில எட்டு வைப்பதற்குள் ஆள் தடுமாறிவிட்டார். அப்புறம் லேசாக இன்னொன்று செய்தார்கள். 1972 வரை 12 படங்களில் அவர்தான் காட்சில்லா.

சினிமாவில் தூக்கிவிட பத்து பேர். வீட்டில் யார் இருக்கா?

பாரம் முழுக்க தோளில் ஏறினால் கழுத்து போச்சு! முதுகுப்பைச் சட்டம் மாட்டி, பெல்ட் போட்டு இடுப்பில் இறக்கணும். பெரிய தலை முன்னே இழுக்கும்; பின்னால் நீள வால் வைத்தால் சரியாகிவிடும். நிஜ டைனோசரும் வாலைத் தரையில் இழுக்கவில்லை, தூக்கிப் பிடித்தே நடந்தது என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

உடம்புக்கு ஸ்பாஞ்சு போதும், எடை இல்லை. ஆனால் சூட்டை வெளியே விடாது. கழுத்தடியில் வலைத்துணி ஜன்னல் வேணும். சின்ன ஃபேன் இருந்தால் நல்லது. பசை நெடி போகும்வரை வெளியில் காயணும். பட்டாசு, விளக்குப் பக்கம் போகவே கூடாது, குப்பென்று பிடித்துக்கொள்ளும்!

இன்னொன்று, ஜிப். அதை முதுகில் வைத்துத் தைக்கிறார்களே, மூச்சு முட்டினால் உள்ளே இருக்கிற பிள்ளை எப்படிக் கழற்றும்?