பிரேக் இல்லாத 'ஃபிக்ஸி' சைக்கிள்: அம்பத்தூர், ஆவடி டிராஃபிக்கில் ஓட்டினால் என்ன ஆகும்?

தென் கொரியத் தலைநகர் சியோலில் 2025 ஜூலை மாதம், நடுநிலைப் பள்ளி மாணவர் ஒருவர் இறக்கத்தில் சைக்கிளை நிறுத்த முடியாமல், கட்டடத்தின் ஓரம் இருந்த ஏசி அவுட்டோர் யூனிட் மீது மோதி உயிரிழந்தார். அவர் ஓட்டியது பிரேக் இல்லாத 'ஃபிக்ஸி' சைக்கிள். அடுத்த மாதமே அந்நாட்டுக் காவல்துறை நாடு முழுக்க இந்த சைக்கிள்களைப் பிடிக்கப் போவதாக அறிவித்தது. திரும்பத் திரும்ப சிக்கும் சிறுவர்களின் பெற்றோர் மீதும் நடவடிக்கை பாயலாம் என்றது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிரேக் இருந்தால்தான் கொரியச் சட்டப்படி அது சைக்கிள். பிரேக்கே இல்லாத ஃபிக்ஸி எந்தக் கணக்கிலும் சேராமல் தப்பித்து வந்தது. கடைசியில் அதையும் ஒரு 'வாகனம்' என்று பொருள் கொண்டுதான் போலீஸ் களமிறங்கியது.

ரீல்ஸில் ஃபிக்ஸி வீடியோக்கள் இங்கேயும் வருகின்றன. 'ஃபிக்ஸி' என்ற பெயரில் சைக்கிள்களை ஆன்லைனிலும் வாங்கலாம். சரி, இதை எடுத்துக்கொண்டு சிடிஎச் ரோட்டில் இறங்கினால்?

ஃபிக்ஸி என்றால் என்ன?

சாதாரண சைக்கிளில் பெடலை நிறுத்தினாலும் வண்டி உருண்டுகொண்டே போகும். 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வருமே, அது பின்சக்கரத்தில் உள்ள ஃப்ரீவீலின் சத்தம். ஃபிக்ஸியில் அந்த ஃப்ரீவீல் கிடையாது. பல்சக்கரம் பின்சக்கரத்தோடு இறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுற்றும்வரை பெடல் சுற்றும், பெடல் சுற்றும்வரை கால் சுற்ற வேண்டும். "கொஞ்சம் காலை ரெஸ்ட்ல வச்சுக்கலாம்" என்ற பேச்சே இல்லை.

வேகத்தைக் குறைக்க, சுற்றும் பெடலைக் காலால் எதிர்த்து அழுத்த வேண்டும். பழகியவர்கள் உடல் எடையை முன்னால் தள்ளி, பெடலைப் பூட்டி, பின்சக்கரத்தைத் தேய்த்து நிறுத்துவார்கள். வீடியோவில் கெத்தாகத் தெரிவது இதுதான்.

இது பந்தய மைதானத்துக்கான வண்டி. வண்டலூர் அருகே மேலக்கோட்டையூரில் உள்ள வெலோட்ரோமில் 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளின் டிராக் சைக்கிளிங் நடந்தது. அங்கே ஓடும் வண்டிகளில் பிரேக் இருக்காது, இருக்கவும் கூடாது. எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள். அந்த டிராக்கில் ஷேர் ஆட்டோ குறுக்கே வராது, மாடு படுத்திருக்காது.

நிற்க எவ்வளவு தூரம்?

மணிக்கு 25 கி.மீ. என்பது சைக்கிளுக்கு ஓரளவு வேகம்தான், அசுர வேகம் இல்லை. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு சுமார் 7 மீட்டர் கடக்கிறோம். ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை கால் வேலை செய்யவே ஒரு நொடி ஓடிவிடும். அதன்பிறகு காய்ந்த ரோட்டில் முன், பின் இரண்டு பிரேக்கையும் சரியாகப் பிடித்தால் ஏறத்தாழ 5 மீட்டரில் நின்றுவிடலாம். பின்சக்கரத்தை மட்டும் தேய்த்தால் இதுவே 10 மீட்டர் ஆகும். வேகம் குறையும்போது உடல் எடை முன்னால் சாய்வதால், பின்சக்கரத்துக்கு ரோட்டில் பிடிமானம் குறைந்துவிடுகிறது. கால் எவ்வளவு வலுவாக இருந்தாலும் இதை மாற்ற முடியாது.

வித்தியாசம் 5 மீட்டர். ஒரு சின்ன காரின் நீளத்தைவிட அதிகம். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் முன்னால் போகும் ஷேர் ஆட்டோ, கை காட்டிய ஒருவருக்காக இடது ஓரம் ஒதுங்கி சடாரென்று நிற்கும்போது அந்த 5 மீட்டர்தான் கணக்கு. மழை பெய்து, ரோட்டோரம் மணல் சேர்ந்திருந்தால் இன்னும் மோசம்.

பாலத்தின் இறக்கத்தில் கதை வேறு. முன்னால் 46 பல், பின்னால் 16 பல் உள்ள ஃபிக்ஸியில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 6 மீட்டர் போகும். பாடி மேம்பாலத்தின் இறக்கத்தில் வேகம் 40-ஐத் தொட்டால் கால் நிமிடத்துக்கு 110 தடவை சுற்ற வேண்டும். பழகாத கால் அந்த இடத்தில் பெடலை விட்டு நழுவும். காலும் போய், பிரேக்கும் இல்லை என்றால் வண்டியை நிறுத்த எதுவுமே இல்லை. சியோல் மாணவர் இறந்ததும் ஓர் இறக்கத்தில்தான்.

பள்ளமும் துப்பட்டாவும்

ஸ்பீடு பிரேக்கரோ பள்ளமோ வந்தால் நம்மூரில் எல்லோரும் தானாகவே ஒன்று செய்வோம்: இரண்டு பெடலையும் சமமாக நிறுத்தி, சீட்டிலிருந்து லேசாக எழுந்துகொள்வோம். குரங்கு பெடல் காலத்திலேயே வந்த பழக்கம். ஃபிக்ஸியில் அது முடியாது. வளைவில் சாய்ந்து திரும்பும்போது உள்பக்க பெடலை மேலே தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாது. அது கீழே வந்து ரோட்டில் இடித்தால் பின்சக்கரம் துள்ளிவிடும்.

இதைவிட அதிகம் பேசப்படாத ஆபத்து துணி. பேன்ட் காலோ, துப்பட்டாவோ, ஷூ லேஸோ செயினில் மாட்டினால் சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினால் போதும், செயினும் நின்றுவிடும். ஃபிக்ஸியில் வண்டி நிற்கும்வரை செயின் துணியை இழுத்துக்கொண்டே இருக்கும். செயினுக்கு எண்ணெய் விடும்போது சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கையை அருகே கொண்டுபோவது இன்னும் விபரீதம். விரல் மாட்டினாலும் அது நிற்காது.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் இல்லாததால் சைக்கிளுக்குப் பதிவு எண், லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. அதற்காகச் சட்டமே கிடையாது என்று நினைத்தால் தவறு. பொதுச் சாலையில் உயிருக்கு ஆபத்து வரும்படி 'எந்த வாகனத்தையும்' கண்மூடித்தனமாக ஓட்டினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 281-வது பிரிவில் 6 மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம். அலட்சியத்தால் ஒருவர் இறந்தால் 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை. இரண்டுமே சைக்கிளுக்கும் பொருந்தும்.

லண்டனில் இது நடந்தே இருக்கிறது. 2016-ல் முன் பிரேக் இல்லாத ஃபிக்ஸியில் வந்த 18 வயது இளைஞர், ரோட்டைக் கடந்த 44 வயதுப் பெண் மீது மோதினார். அந்தப் பெண் இறந்துபோனார். கொலையாகாத மரணத்தை விளைவித்ததாகச் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டிலிருந்து இளைஞர் விடுவிக்கப்பட்டாலும், குதிரை வண்டிக் காலத்து 1861-ம் ஆண்டு சட்டம் ஒன்றின்கீழ் 2017-ல் அவருக்கு 18 மாத சிறை விதிக்கப்பட்டது. பிரிட்டன் விதிகளின்படி ஃபிக்ஸியின் பின்சக்கரம் ஒரு பிரேக்காகக் கணக்கில் வரும். ஆனால் முன் பிரேக் கட்டாயம். ஜெர்மனியிலும் இரண்டு தனித்தனி பிரேக் வேண்டும்.

அப்படியென்றால் ஓட்டவே கூடாதா?

அப்படி இல்லை. முன் பிரேக் ஒன்று இருந்தால் ஆபத்தின் பெரும்பகுதி குறைந்துவிடும். அம்பத்தூரில் இதற்கு அலையவும் வேண்டாம். 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், ஹெர்குலிஸும் பிஎஸ்ஏவும் செய்த ஊர் இது. கோட்டம் எடுத்து, பிரேக் கட்டை மாற்றித்தரும் மெக்கானிக் கடைகள் உண்டு. ஃபோர்க்கில் பிரேக் மாட்டத் துளை இருக்கிறதா என்பதை மட்டும் வாங்கும் முன்பே பார்க்க வேண்டும். டிராக்குக்கென்றே செய்த ஃபோர்க்கில் அது இருக்காது.

அடுத்தது பின் பல்சக்கரத்தின்மேல் இருக்கும் லாக்ரிங். காலால் எதிர்த்து அழுத்தும்போது பல்சக்கரம் கழன்று வராமல் பிடித்துக்கொள்வது அதுதான். அது இல்லாத ஹப்பில் ஃபிக்ஸி ஓட்டுவது தற்கொலை முயற்சிக்குச் சமம். கால் நழுவாமல் இருக்க பெடலில் ஸ்ட்ராப் தேவை. ஆனால் சிக்னலில் காலை எடுக்கத் தெரிந்த பிறகுதான் டிராஃபிக்குக்குள் போக வேண்டும். காலி மைதானத்தில் ஒரு வாரம் பழகுவது நல்லது.

ரோட்டில் முக்கியமானது, நிற்கப்போகும் பஸ்ஸின் இடது பக்கம் புகாமல் இருப்பது. எஸ்டேட் ரோட்டில் இடது பக்கம் திரும்பும் கன்டெய்னர் லாரிக்கும் இதே விதி: டிரைவரின் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீங்கள் தெரியவில்லை. ஆவடி - பூந்தமல்லி சாலை போன்ற இடங்களில் இருட்டிய பிறகு ஓட்டினால் பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும். ஸ்டைலுக்காக ரிஃப்ளெக்டரைக் கழற்றி வீசுவது வேண்டாத வேலை.

கடையில் 'ஃபிக்ஸி' என்று விற்கப்படுவதெல்லாம் ஃபிக்ஸியும் அல்ல. பல நேரம் அது ஃப்ரீவீல் உள்ள ஒற்றை கியர் சைக்கிள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றிப் பாருங்கள். சக்கரமும் பின்னோக்கிச் சுற்றினால் அது ஃபிக்ஸி. சில வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் மறுபக்கம் ஃப்ரீவீல் இருக்கும். தினமும் ஆபீஸ் போக அந்தப் பக்கம் போதும், ஆனால் அப்போது காலால் நிறுத்த முடியாது என்பதால் முன், பின் இரண்டு பிரேக்கும் கட்டாயம் வேண்டும்.