முன்னே வந்தோர்

ரயில்வே வேலைக்கென முதலில் பெங்களூர் வந்த நம்மவர் வழிகாட்ட, பின்வந்தோர் உயர்ந்தனர். சிசுவின் மூளையிலும் இஃதே நிகழ்கிறதென அறிந்து வியந்தோம்.

பெருமூளைப் புறணியில் முதலிற் பிறக்கும் நரம்பணுக்களுள் சில, மேல்விளிம்பில் நின்று 'ரீலின்' என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. அதன் துணையால், பின்பிறந்த அணுக்கள் முன்பிறந்தவற்றைக் கடந்து மேலடுக்குகளில் அமர்கின்றன. வேறு சில அடித்தட்டில் தங்கி, உள்ளிருந்து வரும் நரம்பிழைகளுக்கு இடைத்தங்கல் அளிக்கின்றன. பணி முடிந்ததும் இவற்றுட் பல மடிகின்றன.

இவ்வேலை மும்முரமாகும் நடுமாதங்களின் கருமூளைப் படங்களை, 5,132 வெட்டுத் துண்டுகளாக, 'தரணி' என்ற பெயரில் சென்னை ஐ.ஐ.டி. 2024 டிசம்பரில் உலகிற்கு இலவசமாக வழங்கியது.

அன்பர்களே! கருவுற்ற மாதரைக் கண்போற் காப்போம். முன்பிறந்த அணுக்கள் மறைவது இயற்கை. முன்வந்த மூத்தோரை நாம் மறப்பது இயற்கையன்று.