'சிஸ்டம் எடுக்கல' என்பது பதில் அல்ல

இன்று கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு வேலை பார்த்த இரவுக் காவலர் ஒருவர் பல வருடங்களுக்கு முன்பே காலமாகிவிட்டார். அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி, என் அண்ணி, செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறார். வயது 82. குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதியம்தான் வருகிறது. அடிப்படை 7,850 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி. அதில்தான் அரிசி, மாத்திரை, பேத்திக்குத் தீபாவளிப் பாவாடை எல்லாம்.

80 வயது முடிந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, 100 வயதில் இன்னொரு மடங்கு. குடும்ப ஓய்வூதியருக்கும் இது உண்டு. அண்ணிக்கு மாதம் 1,570 ரூபாய். 26 மாதமாக வரவில்லை. பெருக்கிப் பாருங்கள், 40,820 ரூபாய். அகவிலைப்படியைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

மூன்று முறை பஸ் ஏறிப் போய்க் கேட்டிருக்கிறார். மூன்று முறையும் ஒரே பதில்: "சிஸ்டம் எடுக்கலம்மா."

நாலாவது முறை நான் கூடப் போனேன். எந்த அலுவலகம், எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. அங்கே இருந்த பிள்ளைகளும் கெட்டவர்கள் அல்ல. "தம்பி, சிஸ்டம் எடுக்கலன்னா திரையில என்ன எழுத்து வருது? அதைப் படிச்சுச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பையன் மானிட்டரை என் பக்கம் திருப்பினான். அண்ணியின் பெயர் இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது. பிறந்த தேதி இருக்க வேண்டிய கட்டம் காலியாக இருந்தது.

அவ்வளவுதான் விஷயம். அண்ணன் ஓய்வு பெற்றபோது எழுதிய பழைய பி.பி.ஓ. புத்தகத்தில் அவர் பிறந்த தேதி மட்டுமே இருந்தது. மனைவியின் தேதியை அன்றைக்கு யாரும் எழுதவில்லை. கணினியில் ஏற்றியவரும் இல்லாததை ஏற்றவில்லை. வயதே தெரியாத மனுஷிக்கு 80 ஆகிவிட்டது என்று அந்த எந்திரம் எப்படிக் கண்டுபிடிக்கும்? மூன்று முறை வந்த கிழவியிடம் "உங்க பிறந்த தேதி இங்க இல்லம்மா, வயதுச் சான்று கொண்டு வாங்க" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே பாதி வேலை முடிந்திருக்கும்.

வயதுச் சான்றோடு விண்ணப்பம் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் நிலுவையோடு வந்தது. "நான் என்னமோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனச்சேன் தம்பி" என்றார் அண்ணி. என் கோபத்துக்குக் காரணம் அந்த ஒரு வார்த்தைதான்.

மற்றவரைச் சொல்வதற்கு முன் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 34 வருடப் பணியில் பெரும்பகுதி சம்பளப் பட்டியல் போடும் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். கையால் எழுதிய பட்டியல், பிறகு வெப் பேரோல், கடைசியில் ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்று மூன்றையும் பார்த்தவன். ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் என்பது அதன் முழுப் பெயர். பெரிய கம்பெனிகளில் ஈ.ஆர்.பி. என்கிறார்களே, சம்பளம், விடுப்பு, பதவி உயர்வு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டிப் போடும் மென்பொருள், அந்த ஜாதிதான் இதுவும். 288.91 கோடி ரூபாய் மதிப்பீட்டில், விப்ரோ நிறுவனத்தைக் கொண்டு தமிழக அரசு அமைத்தது. 58-இல் முடிய வேண்டிய என் வேலை, அரசு வயதை 59 ஆக்கி, பிறகு 60 ஆக்கியதால் 2022 வரை நீண்டது. அந்தக் கூடுதல் இரண்டு வருடமும் இந்த மென்பொருளோடு மல்லுக்கட்டியே போனது.

அப்போது ஒரு துப்புரவுப் பணியாளருக்கு ஆண்டு ஊதிய உயர்வு வரவில்லை. வந்து கேட்டார். நானும் அதே மந்திரத்தைத்தான் சொன்னேன்: "சிஸ்டம் எடுக்கலம்மா, அடுத்த மாசம் பாக்கலாம்." மூன்று மாதம் கழித்து, பணிப்பதிவேட்டை எடுத்து வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது, அவர் பணியில் சேர்ந்த வருடத்தை நான்தான் தப்பாக அடித்திருந்தேன். சிஸ்டம் சரியாகத்தான் மறுத்திருந்தது. அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு இன்னும் உறுத்துகிறது.

ஆகவே, "பழைய லெட்ஜர் காலமே பொற்காலம்" என்று புலம்பும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. லெட்ஜரைக் கரையான் தின்றதையும் பார்த்திருக்கிறேன், பணிப்பதிவேடு காணாமல் போய் ஒருவர் ஓய்வூதியத்துக்கு வருடக்கணக்கில் அலைந்ததையும் பார்த்திருக்கிறேன். மென்பொருள் வந்தது நல்லது. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. கருவூலம் பட்டியலைத் திருப்பினால் கூடவே ஒரு ஆட்சேபணைச் சீட்டு வரும். என்ன குறை என்று எழுதி, கையெழுத்தும் இருக்கும். சண்டை போடவாவது நமக்கு ஒரு காகிதம் கிடைத்தது. இன்றைக்குக் காரணமும் இல்லை, கையெழுத்தும் இல்லை. "சிஸ்டம்" என்று காற்றைக் காட்டிவிடுகிறார்கள்.

உள்ளே நடப்பது என்ன? ஒருவர் பதிவு செய்கிறார், ஒருவர் சரிபார்க்கிறார், ஒருவர் ஒப்புதல் தருகிறார். ஒவ்வொருவருக்கும் தனி லாகின். யார், எந்த நாளில், எத்தனை மணிக்குத் தொட்டார் என்பது பதிவாகிறது. பழைய தன்பதிவேட்டைவிட இதில் பொறுப்பு தெளிவாகத் தெரியும். அப்படிப்பட்ட கருவியையே பொறுப்பிலிருந்து தப்பிக்கும் திரையாக ஆக்கிவிட்டோமே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இது நம் நாட்டு வியாதி மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்து அஞ்சல் துறை 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. கிளை அஞ்சலகம் நடத்தியவர்கள் "நாங்கள் எடுக்கவில்லை" என்று கதறினார்கள். "சிஸ்டம் தப்பாகச் சொல்லாது" என்று பதில் வந்தது. 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கே போனார்கள். மென்பொருளில்தான் கோளாறு என்பதை 2019-இல் நீதிமன்றம் சொன்னது. 2024-இல் தனிச்சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். கனடாவில் 2016-இல் ஃபீனிக்ஸ் என்று மத்திய அரசுக்குச் சம்பள மென்பொருள் வந்தது. மிச்சம் பிடிக்கிறோம் என்று சம்பளப் பிரிவில் சுமார் 1,200 பணியிடங்களை ஒழித்தார்கள். விளைவு, லட்சக்கணக்கான ஊழியர்களுக்குச் சம்பளம் குறைந்தோ, கூடியோ, வராமலோ போனது. விதி தெரிந்த ஆளை அனுப்பிவிட்டு எந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இதுதான் நடக்கும்.

நம்மூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் கொண்டு வரும் விவசாயியைப் பாருங்கள். எடை போடுவது மின்னணுத் தராசுதான். ஆனாலும் எடைச் சீட்டைக் கையில் வாங்கி, மூட்டைக் கணக்கைச் சரிபார்க்காமல் அவர் நகர்வதில்லை. அரசு இப்போது ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் ஒரு செல்போன் செயலி கொடுத்திருக்கிறது. அதற்குக் 'களஞ்சியம்' என்று பெயர். ராஜகிரி அடிவாரத்தில் இருக்கும் களஞ்சியத்தை நாம் எல்லோரும் பார்த்தவர்கள். எவ்வளவு போட்டோம் என்ற கணக்கு நம் கையில் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய களஞ்சியம் இருந்து என்ன?

சும்மா திட்டிவிட்டுப் போவதில் பயனில்லை. பட்டு அறிந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று. "சிஸ்டம் எடுக்கல" என்றால், திரையில் வரும் வாசகத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் எழுத்துக்கு எழுத்து. பெரும்பாலும் காலிக் கட்டம், பெயர் பொருந்தாமை, தேதிக் குழப்பம், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும்.

இரண்டு. "இப்போது யார் லாகினில் நிற்கிறது?" என்று கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள். எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்து யாரைப் பார்ப்பது என்று தெரியும்.

மூன்று. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். இரண்டு பிரதி மனு எழுதி, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். பதிலே வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "என் மனு மீது எடுத்த நடவடிக்கை என்ன, யாரிடம் நிலுவையில் உள்ளது?" என்ற ஒரு கேள்வி போதும்.

நான்கு. பி.பி.ஓ. புத்தகம், ஆதார், பான் அட்டை, வங்கிப் பாஸ்புத்தகம் நான்கையும் வரிசையாக வைத்துப் பெயரையும் இனிஷியலையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் முனியம்மா, இன்னொன்றில் முனியம்மாள் என்று இருந்தால் இன்றே திருத்துங்கள். முக்கியமாக, துணைவியின் பெயரும் பிறந்த தேதியும் பதிவாகி இருக்கிறதா என்று நீங்கள் இருக்கும்போதே பாருங்கள். நமக்குப் பிறகு அவர் தனியாகப் போய் நிற்கக் கூடாது.

ஐந்து. கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் பிரவுசிங் சென்டர் பையனிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பணியில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். அதிகாரியின் கடவுச்சொல் செக்‌ஷன் முழுக்கத் தெரியும் என்றால், நாளைக்கு மாட்டப் போவது அந்த அதிகாரிதான்.

ஆறு. வருடாந்திர வாழ்நாள் சான்றுக்கு, நடக்க முடியாதவர்கள் ஆட்டோ பிடித்து அலைய வேண்டாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து மின்னணு முறையில் எடுத்துக் கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய். முடிந்ததும் வரும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சீட்டில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வேலைப் பளு எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் சர்வர் படுத்துவிடும் கொடுமையும் தெரியும். சர்வர் படுத்தால் "சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வாருங்கள்" என்று சொல்லுங்கள். தகவல் குறைந்தால் எது குறைகிறது என்று சொல்லுங்கள். உங்களுக்கே தெரியவில்லை என்றால், தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள். அதில் ஒரு கேவலமும் இல்லை. ஆனால் 82 வயது மனுஷி, தப்பு தன் மேல்தான் என்று நினைத்துக்கொண்டு வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்படி மட்டும் செய்யாதீர்கள்.