மாட்டுக்கு நம்பிக்கை ஏது?

எங்கள் வள்ளியூர்ப் பக்கத்தில் ஒரு வாதம் வெகு செல்வாக்கோடு உலவுகிறது. ஆடு மாடுகளுக்கு ஹோமியோபதி சீனி உருண்டை கொடுக்கிறவரிடம், "இதில் மருந்து என்று ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வரும்: "மனுஷன்னா நம்பிக்கையில குணமானான்னு சொல்லலாம் வே. மாட்டுக்கு நம்பிக்கை ஏது? குணமாச்சுல்லா, பொறவு என்ன?"

கேட்கிறவன் வாயை அடைத்துவிடும் வாதம்தான். படித்தவர்கள்கூட இதைக் கேட்டுத் தலையாட்டுகிறார்கள். ஆனால் புரட்டிப் பார்த்தால் அந்த உருண்டையைப் போலவே இதற்குள்ளும் ஒன்றுமில்லை.

முதலில் உருண்டையைப் பார்ப்போம். மூலச்சாற்றில் ஒரு சொட்டை 99 சொட்டுச் சாராயத்தில் கலக்க வேண்டும். அதில் ஒரு சொட்டை எடுத்து மறுபடியும் 99 சொட்டில் கலக்க வேண்டும். இப்படி முப்பது தடவை செய்தால் முப்பதாவது வீரியம். பாபநாசத்தில் தாமிரபரணியில் விட்ட ஒரு சொட்டு, புன்னைக்காயலில் கடலில் சேர்ந்து, உலகத்துக் கடல்கள் அத்தனையிலும் சீராகக் கலந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் அது ஏறக்குறைய பதின்மூன்றாவது படியைத்தான் எட்டியிருக்கும். மீதிப் படிகளுக்குக் கடலுக்கு எங்கே போவது?

"அதெல்லாம் இருக்கட்டும், குணமாச்சா இல்லையா?" என்பார்கள். கோமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். கன்றுகளைக் கொல்லும் நோய் அது. ஆனால் வளர்ந்த மாடு பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் தானே தேறிவிடும். பத்தாவது நாள் உருண்டை கொடுத்தவருக்குப் பேர் கிடைக்கிறது. அன்று வெறும் தவிட்டைக் கொடுத்திருந்தால் தவிட்டுக்குக் கிடைத்திருக்கும்.

நம்பிக்கை மாட்டுக்கு இல்லைதான். ஆனால், "குணமாகிவிட்டது" என்று சொல்வது மாடு அல்லவே! சொல்வது அதன் சொந்தக்காரர். நம்பிக்கை முழுவதும் அவரிடம் இருக்கிறது. 2012-ல் அமெரிக்காவில் மூட்டு நோயால் நொண்டும் நாய்களுக்கு வெற்று மாத்திரை கொடுத்ததை ஆராய்ந்தார்கள். காலின் அழுத்தத்தை அளக்கும் கருவி மாற்றமில்லை என்று காட்டிய நாய்களைக்கூட, தேறியிருக்கின்றன என்று வளர்த்தவர்கள் பலர் சொன்னார்கள். மருத்துவர்களும் அதே தவறைச் செய்தார்கள். ஆகவே, வாயில்லா ஜீவனின் சாட்சி என்று நாம் காட்டுவது, வாயுள்ள நம்முடைய ஆசையைத்தான்.

உண்மையான சாட்சி எப்படி இருக்கும்? 1830-களில் ஜெர்மனியில் லூக்ஸ் என்ற கால்நடை வைத்தியர், அடைப்பான் கண்ட மாட்டின் ரத்தத்தையே கரைத்துக் கரைத்து அடைப்பானுக்கு மருந்து என்றார். 1881-ல் பிரான்சில் பூயி-லெ-ஃபோர் என்ற கிராமத்தில் பாஸ்டர் 24 செம்மறிகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் சில மாடுகளுக்கும் தடுப்பூசி போட்டார். அதே கணக்கில் ஆடுகளை ஊசி போடாமலும் நிறுத்தினார். பிறகு இரு சாராருக்கும் அடைப்பான் கிருமியைச் செலுத்தினார். ஜூன் 2-ம் தேதி ஊர் திரண்டு வந்து பார்த்தது. ஊசி போட்ட ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. போடாத செம்மறிகளில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. மிச்சமிருந்தவையும் அன்றே விழுந்தன. அங்கே யாருடைய நம்பிக்கைக்கும் வேலை இருக்கவில்லை. உருண்டைக்காரர்கள் இப்படி ஒரு நாள் ஊரைக் கூட்டட்டுமே!

நம் பாட்டன்மார் கண்ட மாட்டு வெக்கை, கிராமம் கிராமமாகத் தொழுவத்தைக் காலி செய்த நோய். 2011-ல் அது உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று அறிவித்தார்கள். ஒழித்தது தடுப்பூசி.

நான் ஆங்கில மருந்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. எடுத்ததற்கெல்லாம் ஆன்டிபயாடிக் ஊசி குத்தி, அந்த மருந்து கலந்த பாலை நம் குழந்தைகளுக்குக் கொடுப்பது பெரும் பாவம். கைவைத்தியத்துக்கும் நான் விரோதியல்ல. மடி நோய்க்கு 250 கிராம் சோற்றுக்கற்றாழை, 50 கிராம் மஞ்சள், 15 கிராம் சுண்ணாம்பு அரைத்துப் பூசும் முறையைக் கால்நடை மருத்துவம் கற்ற பேராசிரியர்களே சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் பொருள் இருக்கிறது, அளவு இருக்கிறது, சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. இரண்டையும் ஒரே கூடையில் போட்டு 'இயற்கை வைத்தியம்' என்று விற்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

தீங்கில்லாத உருண்டைதானே என்பார்கள். தீங்கு உருண்டையில் இல்லை, அது தின்னும் நேரத்தில் இருக்கிறது. பந்தய வண்டிக் குதிரைக்குக் குடல் முறுக்கிக்கொண்டால் அதனால் வாந்திகூட எடுக்க முடியாது. சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். தொண்டை அடைப்பான் வந்த மாடு மறுநாள் வரை காத்திராது. ஒற்றைப் பசுவின் பாலை விற்றுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புகிற விதவைக்கு, அந்த ஒரு நாள்தான் குடும்பம்.

அவளைக் குறை சொல்ல எனக்கு நா எழாது. உருண்டை அடுத்த தெருவில் கிடைக்கிறது. டாக்டர் எட்டத்தில் இருக்கிறார். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும் என்பதை, உருண்டையின் பெருமையைப் பரப்புகிற அதே ஊக்கத்தோடு படித்தவர்கள் அவளுக்குச் சொல்லலாம். வண்டி வரத் தாமதமானால் சர்க்காரோடு சண்டை போடலாம்.

மனிதன் தன் உடம்புக்கு எதை வேண்டுமானாலும் தின்றுகொள்ளட்டும். அது அவன் பாடு. மாட்டைக் கட்டுத்தறியில் கட்டியவர்கள் நாம். கயிற்றை அறுத்துக்கொண்டு வேறு வைத்தியரிடம் போக அதற்கு வழியில்லை. அதன் பெயரால் தீர்மானிக்கும்போது, நம்முடைய நம்பிக்கை அதற்குப் போதாது.