வாசலில் நின்று சொல்லப்பட்ட பொய்

1983ஆம் ஆண்டு யூலை மாதத்தின் இறுதி வாரத்தில் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வன்முறைக் கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி அலைந்தன. அந்நாட்களில் எத்தனையோ சிங்களக் குடும்பத்தினர் தம் அயலவரான தமிழரை உள்ளறைகளில் மறைத்து வைத்துவிட்டு, வாசலில் நின்று, "இங்கே தமிழர் எவரும் இல்லை" என்றனர். அது பொய். அந்தப் பொய்யினால் உயிர் தப்பியவர்கள் இன்றும் எம்மிடையே வாழ்கின்றனர். அவ்வாறு கூறியவர்களுள் பௌத்தர்களும் இருந்தனர். பொய்ச்சாட்சியைத் தடைசெய்யும் கட்டளையைச் சிறுவயதிலேயே மனனம் செய்த கிறிஸ்தவர்களும் இருந்தனர். அவர்கள் பாவம் செய்தனரா?

தமிழ் வாசகருக்கு இக்கேள்வி விந்தையாகத் தோன்றலாம். வள்ளுவர் தமது 292ஆவது குறளிலேயே இதற்கு விடை கூறிவிட்டார். ஆனால், கிறிஸ்தவ அறநெறிச் சிந்தனையாளர்கள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக இக்கேள்வியோடு போராடி வருகின்றனர்.

புனித அகுஸ்தீனார் 395ஆம் ஆண்டளவிலும் மீண்டும் 420ஆம் ஆண்டளவிலும் பொய்யைப் பற்றித் தனி நூல்களை எழுதினார். எக்காரணம் கொண்டும் பொய் சொல்லலாகாது என்பதே அவரது முடிவு. இதற்கு அவர் எடுத்துக்காட்டாகக் கூறுபவர், வட ஆபிரிக்காவின் தகாஸ்தே நகர ஆயராக இருந்த பிர்முஸ். தம்மிடம் அடைக்கலம் புகுந்த ஒருவனைத் தேடி அரச சேவகர்கள் வந்தபோது, தம்மால் பொய் சொல்லவும் இயலாது, அவனைக் காட்டிக்கொடுக்கவும் இயலாது என்று அவர் கூறினார். சித்திரவதைகளைத் தாங்கினார். அவரது உறுதியைக் கண்டு வியந்த பேரரசன் அம்மனிதனை மன்னித்தான். 13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவைனாசும் ஏறத்தாழ இதே நிலைப்பாட்டையே எடுத்தார். பிறருக்கு உதவும் பொய் சிறிய பாவமே. ஆயினும் அது பாவமே என்றார்.

வேதாகமமோ இவ்வளவு எளிதாக வழிவிடவில்லை. எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு பார்வோன் இட்ட ஆணையை மீறிய மருத்துவச்சிகள், தாங்கள் சென்று சேருமுன்பே குழந்தைகள் பிறந்துவிடுகின்றன என்று மன்னனிடமே கூறினர். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்கிறது யாத்திராகமம். எரிகோ நகரத்து ராகாப், ஒற்றர்களைக் கூரையின் மேல் சணல் தட்டைகளுக்குள் மறைத்துவிட்டு, அவர்கள் போய்விட்டனர் என்றாள். புதிய ஏற்பாட்டில் எபிரேயர் நிருபம் அவளது விசுவாசத்தையும் யாக்கோபு நிருபம் அவளது செயலையும் போற்றுகின்றன. இவர்களது இரக்கத்துக்கே வெகுமதி கிடைத்தது, பொய்க்கு அல்ல என்பது அகுஸ்தீனாரின் விளக்கம். ஆனால் அந்தப் பொய்யை நீக்கிவிட்டால் அந்த இரக்கம் யாரைக் காப்பாற்றியிருக்கும்?

பிர்முசின் வீரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் தமது வாய்மைக்குத் தமது உடலையே விலையாகக் கொடுத்தார். ஆனால் யூலை வன்முறையின்போது வாசலில் நின்றவர் "என்னால் பொய் சொல்ல இயலாது" என்று கூறியிருந்தால், விலை கொடுத்திருப்பவர்கள் உள்ளே ஒளிந்திருந்தவர்கள். அந்த இடத்தில் மௌனமும் ஒரு விடைதான். என் மனச்சாட்சியின் தூய்மைக்காக இன்னொருவர் உயிரைச் செலவிடும் உரிமையை எனக்கு யார் தந்தது?

நாசிகளின் சிறையில் இருந்தபோது லூதரன் இறையியலாளர் டீட்ரிக் பொன்ஹோபர் 1943இல் எழுதத் தொடங்கிய கட்டுரை ஒன்று இவ்விடயத்தை ஆராய்கிறது. வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் ஆசிரியர் ஒரு சிறுவனிடம், உன் தந்தை அடிக்கடி குடித்துவிட்டு வருகிறாரா என்று கேட்கிறார். அது உண்மைதான். ஆனாலும் சிறுவன் மறுக்கிறான். அக்கேள்வியைக் கேட்கும் உரிமை ஆசிரியருக்கு இல்லை. எனவே அந்தப் பொய்யில் உண்மையே மிகுதி என்பது பொன்ஹோபரின் கருத்து. 1945 ஏப்ரல் 9ஆம் திகதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு கட்டத்தில் இக்கருத்தை நெருங்கி வந்தது. 1992இல் வெளியான அதன் மறைக்கல்வி நூல், உண்மையை அறியும் உரிமையுள்ள ஒருவரைத் தவறான எண்ணத்துக்கு இட்டுச் செல்வதே பொய் என வரையறுத்தது. 1997இன் அதிகாரபூர்வ இலத்தீன் பதிப்பில் "உரிமையுள்ள" என்ற நிபந்தனை நீக்கப்பட்டது. நீக்கியதற்கு ஆதரவாகவும் நியாயம் உண்டு. யாருக்கு உரிமை உண்டு என்பதைப் பொய் சொல்பவரே தீர்மானிக்கத் தொடங்கினால் அதற்கு எல்லையே இராது. "தேச நலன் கருதி" வெளியிடப்பட்ட அறிக்கைகளைப் பல்லாண்டு காலம் செய்தியாக்கிய எவரும் இந்த ஆபத்தை அறிவர்.

ஆனால் கடுமையான விதி மட்டும் எம்மைக் காப்பாற்றிவிடுமா? டப்ளின் மறைமாவட்டத்தில் சிறுவர்கள் மீது குருமார் புரிந்த துஷ்பிரயோகங்களை விசாரித்த ஆணைக்குழுவின் அறிக்கை 2009 நவம்பரில் வெளியாயிற்று. பாதிக்கப்பட்ட ஒருவரின் சாட்சியம் அதில் உள்ளது. மறைமாவட்ட நிதி நட்டஈட்டுக்குப் "பயன்படுத்தப்படுவதில்லை" என்றே தாம் ஊடகங்களுக்குக் கூறியதாகவும், "பயன்படுத்தப்படவில்லை" என்று கூறவில்லை என்றும் பேராயர் டெஸ்மண்ட் கொனல் அவரிடம் விளக்கினாராம். முன்னர் அந்நிதியிலிருந்து அத்தகைய நோக்கத்துக்குக் கடன் வழங்கப்பட்டிருந்தது. பொய் சொல்லாமலேயே ஏமாற்றும் இம்முறைக்குத் திருச்சபை மரபில் "மனவொதுக்கம்" என்று பெயரும் உண்டு.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ராகாபின் சொற்கள் பொய். பேராயரின் சொற்கள் இலக்கணப்படி மெய். அவள் தன் உயிரைப் பணயம் வைத்து அந்நியரைக் காத்தாள். இவரோ பாதிக்கப்பட்டவர்களிடமிருந்து நிறுவனத்தைக் காத்தார். எது உண்மைக்கு அருகில் நிற்கிறது?

எனவே என் மனத்துக்குப் படும் அளவுகோல் இதுதான். பொய்யினால் காக்கப்படுபவர் யார், அதன் அபாயத்தைச் சுமப்பவர் யார் என்று கேட்க வேண்டும். பலவீனருக்காகச் சொல்லப்பட்டு, சொன்னவரே அபாயத்தைச் சுமக்கும் பொய்யைக் கிறிஸ்தவ அறம் கண்டிக்க முடியாது என்றே நான் கருதுகிறேன். தன்னையோ தன் பதவியையோ தன் நிறுவனத்தையோ காக்கச் சொல்லப்படும் பொய்க்கு ராகாபின் பெயரைச் சொல்லி அடைக்கலம் தேட எவருக்கும் உரிமை இல்லை.

அன்று வாசலில் நின்று பொய் சொன்னவர்களுள் எவரேனும் பின்னர் அதைப் பாவமென்று அறிக்கையிட்டனரா என்பது பாவசங்கீர்த்தன இரகசியம். அதைக் கேட்ட குருவானவர் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு ஐயமில்லை.