இன்ஜின் ஹெல்த்: கம்ப்யூட்டர் ஓகே சொன்னா போதுமா?

விமான இன்ஜினுக்குள் வரும் காற்றை அழுத்தி எரிப்பறைக்கு அனுப்புவது கம்ப்ரஸர். பிளேடுகளில் தூசு, உப்பு படிந்தால் அந்த அழுத்தம் குறையும். ஆனா வெயில் அதிகமானாலும் குறையும்! எது காரணம்னு பிரிச்சுச் சொல்லத்தான் மாடல். அன்றைய வெப்பநிலையில், அதே வேகத்தில், நல்ல கம்ப்ரஸர் தரவேண்டிய அழுத்தத்தைக் கணக்கிட்டு சென்சார் அளவோடு ஒப்பிடும். வித்தியாசம் கூடிக்கொண்டே போனால், இன்ஜினைக் கழுவணும்.

சூப்பர்தான். ஆனா பிளேடில் விழும் நுண்ணிய விரிசல் இந்தக் கணக்கில் பெரும்பாலும் சிக்காது. 2018-ல் ரோல்ஸ்-ராய்ஸின் ட்ரென்ட் 1000 இன்ஜின்களில் கம்ப்ரஸர் பிளேடு விரிசல் பிரச்சினை வந்தபோது, உள்ளே கேமரா விட்டுத்தான் சோதித்தார்கள்; பல போயிங் 787 விமானங்கள் பறக்காமல் நின்றன. மாடல் வேணும். அதைக் காட்டி நேரடிச் சோதனையைக் குறைக்கக் கூடாது.